ஒரு சொட்டு பிங்க்!

முதலிலேயே ஒரு வாக்குமூலம். அடியேன் பி.காம். டெபிட், கிரெடிட், ஜர்னல், லெட்ஜர் - இவைதான் எனக்குத் தெரிந்த நான்கு வேதங்கள். 'பேலன்ஸ்' என்றால் எனக்கு பேலன்ஸ் ஷீட்தான். கெமிஸ்ட்ரி லேபில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் ஒரு பேலன்ஸ் உட்கார்ந்திருக்கும் என்பதே மறந்து போயிருந்தது... பொங்கல் லீவுக்குத் திண்டுக்கல்லில் அக்கா வீட்டுக்குப் போகிற வரைக்கும்.

வாசலில் செருப்பைக் கழற்றவில்லை, அக்கா ஆரம்பித்து விட்டாள்.

"வாடா தம்பி, நல்ல நேரத்துல வந்தே! உன் மருமகனை என்னன்னு கேளு. எந்நேரமும் போனும் கையுமாவே கெடக்கான். கேட்டா, கெமிஸ்ட்ரி வீடியோ பாக்கறேன்கறான்!"

மருமகன் ப்ளஸ் டூ. பிப்ரவரியில் பிராக்டிகல் பரீட்சை. நான் கொஞ்சம் உலகம் தெரிந்தவன் இல்லையா... 'கெமிஸ்ட்ரி' என்று பையன் சொன்னால் அது ஹீரோ - ஹீரோயின் கெமிஸ்ட்ரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பூனை மாதிரி பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். அட, நிஜமாகவே கெமிஸ்ட்ரி! ஒரு வாத்தியார் ப்யூரெட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எத்தனை வீடியோ பாத்திருக்கே மாப்ளே?"

"நாப்பதுக்கு மேல இருக்கும் மாமா."

"அப்புறம் என்ன? பரீட்சையில பின்னிடுவேன்னு சொல்லு!"

பதில் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தான். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"மாமா... நான் பேசாம உங்களை மாதிரி பி.காம் சேந்துடறேனே. லேபுன்னாலே கை நடுங்குது."

சுருக்கென்றது. பி.காம் படிப்பது ஒன்றும் கேவலம் இல்லை. அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் ஆசைப்பட்டு வருகிறவனுக்கும் பயந்து ஓடி வருகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு. எனக்குத் தெரியும். நான் ஓடி வந்த கேஸ்.

நான் குடித்த இரும்புச் சத்து

2008. அப்போது ப்ளஸ் டூவில் கெமிஸ்ட்ரிக்கு 200 மார்க். அதில் 50 பிராக்டிகலுக்கு. எங்கள் பள்ளி லேபில் ஸார் முன்னால் மேஜையில் செய்து காட்டுவார். சுற்றி நாற்பது தலைகள். என் உயரத்துக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவனின் பின்னந்தலையும் அதில் வழிந்த தேங்காய் எண்ணெயும்தான். ஸார் குரல் மட்டும் அசரீரி மாதிரி வரும்: "பிப்பெட்டை வாயில வெச்சு உறிஞ்சணும்... ஆனா குடிச்சிடக் கூடாது!"

இவ்வளவுதான் பயிற்சி. உறிஞ்சினேன். 20 மில்லி கோட்டை நோக்கித் திரவம் அழகாக ஏறியது. பிப்பெட்டின் கீழ் முனை பீக்கரில் திரவ மட்டத்துக்கு மேலே வந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. காற்று புகுந்த அடுத்த விநாடி, உள்ளே இருந்த மோர் உப்புக் கரைசல் சர்ரென்று என் தொண்டையைத் தொட்டது.

ருசி எப்படி என்கிறீர்களா? துருப்பிடித்த ஆணியை எலுமிச்சைச் சாற்றில் ஊறப் போட்டு, அந்தச் சாற்றைக் குடித்தால் எப்படியோ அப்படி! மோர் உப்பில் இருப்பது இரும்பு. அந்தக் கரைசலில் நீர்த்த கந்தக அமிலமும் சேர்ந்திருக்கும். துப்பினேன், இருமினேன், கண்ணில் தண்ணீர். வகுப்பே சிரித்தது. "குழாய்ல வாயைக் கொப்பளி" என்றார் ஸார். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு வந்த கை நடுக்கம் போகவில்லை. பரீட்சையில் என் குடுவை லேசான பிங்க்கில் நிற்காமல் கத்திரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. பக்கத்து மேஜையை ஓரக்கண்ணால் பார்த்து ஒரு ரீடிங் எழுதினேன். ரிசல்ட் வந்ததும் காமர்ஸ் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

இன்றைக்கு யோசித்தால் தோன்றுகிறது: வாயால் உறிஞ்சவே வேண்டாம், அதற்கென்று ரப்பர் பல்பு இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கலாம். முனை திரவத்துக்குள் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்று அரை நிமிஷம் கிட்டத்தில் காட்டியிருக்கலாம். அந்த அரை நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை. மருமகனுக்கு நாற்பது வீடியோ கிடைத்திருக்கிறது. பிறகு ஏன் அவன் கையும் நடுங்குகிறது?

பொங்கல் லீவு முழுக்க இதைத்தான் துருவினேன்.

பந்தியில் முதல் நாள்

கல்யாணப் பந்தியில் முதல் முறையாக சாம்பார் வாளி தூக்கியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வாளி கனக்கிறது, கரண்டி வழுக்குகிறது, "தம்பி, இங்கே" என்கிறார் ஒருவர், "அந்த வரிசைக்கு ரசம் வந்தாச்சா?" என்கிறார் காண்ட்ராக்டர், இலையில் சோறு எங்கே, பாயசம் எங்கே என்று பார்ப்பதற்குள் பெரியவர் மடியில் சாம்பார்! உங்களுக்கு மூளை இல்லை என்று அர்த்தமில்லை. ஒரே நேரத்தில் இத்தனையை வாங்கி வைத்துக்கொள்ள மூளையில் இடமில்லை.

லேபிலும் இதே கதைதான் என்று சொன்னவர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டோன். 1982-ல் வாம் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுப்பவர்கள் மத்தியில் ரொம்பப் பிரசித்தம். புதிதாக லேபுக்குள் நுழையும் மாணவன் மீது கருவிகளின் பெயர், ரசாயனங்களின் பெயர், செய்முறை, ஸார் சொல்வது, நோட்டில் எழுத வேண்டியது எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழுகின்றன. அந்தந்த நிமிஷத்து வேலையை வைத்துக்கொள்ளும் ஞாபகத்துக்கு நம் தலைக்குள் கிடைத்திருப்பது சின்ன ஸ்டூல் அளவு இடம். அதில் பத்துப் பாத்திரத்தை ஏற்றினால்? 'என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம்' என்பது முதலில் கீழே விழுகிறது. மிச்சம் இருப்பது சமையல் குறிப்பு மட்டும்: 'இதை ஊற்று, அதைத் திருப்பு.'

வைத்தியம்? கொஞ்சம் சாமான்களை முந்தின நாளே தலைக்குள் அடுக்கி வைத்துவிடுவது. ப்யூரெட் எப்படி இருக்கும், எந்தக் கை எங்கே போகும், எந்த நிறம் வந்தால் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே பார்த்த சமாசாரமாக இருந்தால், லேபில் மூளைக்கு யோசிக்க இடம் கிடைக்கும். வீடியோ இங்கேதான் உதவிக்கு வருகிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2005-ல் தொடங்கிய ஒரு பெரிய திட்டத்தில், லேப் கையேட்டையே கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார்கள். மாணவன் லேபுக்கு வருவதற்கு முன்பே வீடியோ பார்த்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். வெறும் கையை வீசிக்கொண்டு வரமுடியாது! 2008-ல் நாட்டிங்காம் பல்கலைக்கழகம் தனிமங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடியோ என்று ஆரம்பித்தது. அதில் வரும் பேராசிரியர் மார்ட்டின் பொலியாகாஃபின் தலைமுடியைப் பார்த்தாலே, 'இவர் விஞ்ஞானிதான்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். கரெண்ட் கம்பியைத் தொட்ட மாதிரி அப்படி ஒரு சிலிர்ப்பு!

நம் பக்கமும் சும்மா இல்லை. அம்ரிதா பல்கலைக்கழகமும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து 'ஓ-லேப்ஸ்' என்று பள்ளிப் பிள்ளைகளுக்காகவே ஆன்லைன் சோதனைச்சாலை செய்து வைத்திருக்கின்றன. தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் வந்தது. 2020-ல் கொரோனா வந்து லேப் கதவுகளெல்லாம் பூட்டப்பட்டபோது, உலகம் பூராவும் கெமிஸ்ட்ரி மாணவர்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து வீடியோவில்தான் பிராக்டிகல் 'செய்தார்கள்'.

ஆக, பண்டத்துக்குப் பஞ்சமில்லை. சாப்பிடுகிற விதத்தில்தான் கோளாறு.

நாலு கேள்வி

மறுநாள் காலை மருமகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, வீடியோவை ஓடவிட்டு நானும் பார்த்தேன். அவன் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறான். வாத்தியார் ரயில் கமெண்ட்ரி மாதிரி பேசுகிறார். மேலே ஒரு ஓரத்தில் கிரிக்கெட் ஸ்கோர் வந்து வந்து போகிறது. ப்யூரெட்டில் மட்டத்தைப் பார்த்து ரீடிங் எடுக்கும் இடம் வந்ததும் பையன் விரலால் தள்ளிவிட்டான். "இது தெரிஞ்சதுதான் மாமா!"

நிறுத்தச் சொன்னேன். இரவோடு இரவாக அவன் லேப் கையேட்டையும் மூன்று வீடியோக்களையும் பார்த்துத் தயாரித்த நாலு கேள்விகளைக் கேட்டேன்.

ஒன்று: ப்யூரெட்டின் திருகை எந்தக் கை பிடிக்கும்? "வலது" என்றான். பெரும்பாலோருக்கு இடது கை! இடது கையைப் பின்பக்கமாக வளைத்துத் திருகைப் பிடித்தால், வலது கை குடுவையைச் சுழற்ற ஃப்ரீயாக இருக்கும்.

இரண்டு: ப்யூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே அலசுகிறோம். கூம்புக் குடுவையையும் அப்படி அதில் விடும் கரைசலால் அலசலாமா? "அலசலாம்" என்றான். கூடாது! வாலை வடிநீர் மட்டும்தான். பிப்பெட் 20 மில்லி என்று அளந்து விட்டதற்கு மேல் குடுவையில் ஒட்டியிருப்பதும் சேர்ந்துகொண்டால் கணக்கு உதைக்கும். எனக்கு இது உடனே புரிந்தது: பழைய பாக்கியை எழுதாமல் புது வரவை மட்டும் எழுதின மாதிரி!

மூன்று: ப்யூரெட்டில் ஊற்றிய பிறகு புனலை ஏன் எடுத்துவிட வேண்டும்? பதில் தெரியவில்லை. புனலில் தங்கிய சொட்டு நடுவில் உள்ளே விழுந்தால் மட்டம் ஏறிவிடும். அப்புறம் ரீடிங் பொய் சொல்லும்.

நான்கு: திரவத்தின் மேல்பரப்பு குழிந்திருக்கும். ரீடிங் எடுக்க அதன் அடி விளிம்பைப் பார்ப்பதா, மேல் விளிம்பையா? "அடி விளிம்பு!" என்றான் உற்சாகமாக. தண்ணீர் மாதிரித் தெளிந்த திரவத்துக்கு அது சரி. ஆனால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் நாவல்பழச் சாறு மாதிரி இருக்கும். அதில் அடி விளிம்பு தெரிந்தால்தானே? மேல் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும்.

நாற்பது வீடியோ, நாலு கேள்வி, பூஜ்யம் மார்க். பையன் முகம் விழுந்துவிட்டது.

அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. "மாமா, லேப்ல ப்யூரெட் கம்மி. நாலு பேருக்கு ஒண்ணு. ஒருத்தன் ஊத்துவான், ஒருத்தன் திருப்புவான், ஒருத்தன் குலுக்குவான், ஒருத்தன் எழுதுவான். எனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்கறதால வருஷம் பூரா நான்தான் எழுதறேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ப்யூரெட்டை அவன் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. பரீட்சையில் அது அவனுக்காகத் தனியாகக் காத்திருக்கும். நல்ல கையெழுத்துக்கு இப்படி ஒரு தண்டனை!

அப்பத்தாவின் ஆரத்தி

வீட்டில் ப்யூரெட்டுக்கு எங்கே போவது? யோசனை வந்தது எனக்கில்லை, மருமகனுக்கு. மெடிக்கல் ஷாப்பில் குளுக்கோஸ் ஏற்றுகிற டிரிப் செட் ஒன்று வாங்கி வந்தான். தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு அதன் முள்ளைச் செருகினான். பாட்டிலின் அடியில் காற்றுக்கு ஒரு துளை. தலைகீழாக ஜன்னல் கம்பியில் கட்டினான். டியூபில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டினால் ஓட்டமாகவும் வரும், சொட்டுச் சொட்டாகவும் வரும். இதில் ஒரு வேடிக்கை: சாதாரண டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு, ப்யூரெட்டிலும் ஒரு சொட்டு என்பது கிட்டத்தட்ட 0.05 மில்லி, அதாவது மில்லிக்கு அதே 20 சொட்டு!

சரி, ரசாயனம்? பாத்ரூம் ஆசிட் பக்கமே போகக்கூடாது என்று முதலிலேயே சட்டம் போட்டுவிட்டேன். விடை, திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அப்பத்தாவின் டப்பாவில் இருந்தது. சுண்ணாம்பு!

ஆரத்தி கரைப்பதைப் பார்த்திருப்பீர்களே... மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டால் ரத்தச் சிவப்பு. காரத்தைப் பார்த்தால் மஞ்சள் சிவப்பாகும். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் அமிலம் காரத்தைச் சரிக்கட்டி மறுபடி மஞ்சளாகும். நம் வீட்டு வாசலில் தலைமுறை தலைமுறையாக நடப்பது பாதி டைட்ரேஷன்தான். மீதிப் பாதிக்கு எலுமிச்சம்பழம் பாக்கி!

டிரிப் பாட்டிலில் எலுமிச்சைச் சாறு. முதல் தடவை டியூப் அடைத்துக்கொண்டது, சாற்றில் சக்கை. அக்கா துணியில் இரண்டு தரம் வடிகட்டிக் கொடுத்தாள். இரண்டாவது தடவை கண் மூடித் திறப்பதற்குள் மஞ்சளாகிவிட்டது; சாறு ரொம்பக் காட்டம். பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்தோம். கீழே கண்ணாடி டம்ளரில் தெளிந்த சுண்ணாம்பு நீர், ஒரு சிட்டிகை மஞ்சள். டம்ளருக்கு அடியில் வெள்ளைக் காகிதம், லேபில் வெள்ளை ஓடு வைக்கிற மாதிரி. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால், மச்சானின் பைக் கண்ணாடி மருமகன் மூக்கில் ஏறியது.

"நீ செய். நான் வீடியோ எடுக்கறேன்" என்றேன்.

இது என் சொந்த மூளை இல்லை. அமெரிக்காவில் பர்ட்யூ பல்கலைக்கழகத்தில் மார்சி டவுன்ஸ் என்ற பேராசிரியையின் குழு 2015-ல் வெளியிட்ட யோசனை. மாணவன் தானே பிப்பெட் பிடிப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். ஆசிரியர்கள் பார்த்துத் தப்பைச் சொல்வார்கள். சரியாகச் செய்தால் ஒரு டிஜிட்டல் பதக்கம். பிறகு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சீரியின் குழு, மாணவர்களே ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்த்துத் திருத்தும்படி செய்தது. வீடியோவைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், வீடியோவுக்குள் போகிறான்!

மருமகன் முதலில் செய்ததைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டம்ளரைச் சுழற்றவே இல்லை. கண் சொட்டைப் பார்க்காமல் கேமராவைப் பார்க்கிறது. நிறம் மாற ஆரம்பித்த பிறகும் சக்கரம் ஓட்டத்தில்தான் இருக்கிறது. வாத்தியார் வீடியோவில் அதே இடத்தை மறுபடி போட்டான். இந்தத் தடவை சாதாரண வேகத்தில். தள்ளிவிடவில்லை. "அட... இவர் கடைசியில எவ்வளவு மெதுவாப் பண்றாரு மாமா!" என்றான். நாற்பது தடவை கண்ணில் பட்டது அப்போதுதான் மனசில் பட்டது.

அடுத்த ஆட்டம்: 112 சொட்டு. அதற்கடுத்தது 109. அதற்கும் அடுத்தது... 109! இரண்டு ரீடிங் ஒத்துப்போனால் அதுதான் லேபில் கணக்குக்கு எடுக்கும் மதிப்பு. பையன் திண்ணை வரை ஓடிப்போய் அப்பத்தாவிடம் சொன்னான். "சுண்ணாம்பு டப்பாவை எங்கடா வெச்சே?" என்றார் அவர்.

வானவில்லுக்குப் பின்னால்

இந்த இடத்தில் சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒரு விஷயம்.

வெவ்வேறு உப்புகளை மெத்தனாலில் சேர்த்துத் தீ வைத்தால் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று சுடர்கள் வானவில் மாதிரி எரியும். வகுப்பில் கைதட்டல் வாங்குகிற ஐட்டம். ஆனால் மெத்தனால் ஆவி சட்டென்று பற்றும். எரிந்துகொண்டிருக்கும்போது பாட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினால், பாட்டிலே தீப்பந்தமாகிவிடும். 2006-ல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில், 15 வயதுப் பெண் ஒருத்தி பள்ளியில் நடந்த இப்படி ஒரு சோதனையில் படுகாயம் அடைந்தாள். அவளே பேசுகிற பாதுகாப்பு வீடியோ ஒன்றை, அமெரிக்க அரசின் ரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2013 டிசம்பரில் வெளியிட்டது. பெயர் 'வானவில்லுக்குப் பிறகு'.

சில வாரங்கள்தான். 2014 ஜனவரி 2. நியூயார்க்கில் ஒரு பள்ளி வகுப்பறையில் அதே சோதனை, அதே மெத்தனால், ஒரு மாணவனுக்குக் கடுமையான தீக்காயம். எச்சரிக்கும் வீடியோ யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் அப்போது இருந்தது.

அந்த வருஷமே அமெரிக்க ரசாயனச் சங்கம், மெத்தனால் வானவில் வேண்டாம் என்று அறிவித்தது. உப்புக் கரைசலில் ஊறிய மரக்குச்சியைச் சுடரில் காட்டினாலே அதே நிறங்கள் வரும். கைதட்டல் கொஞ்சம் குறையலாம். முகம் மிச்சம்!

ஆகவே, வீடியோவில் பளீரென்று வெடிக்கிற ஐட்டங்களை வீட்டில் செய்து பார்க்கிற ஆசை தம்பிகளுக்கு வரும். நாம் கூட இருந்து தடுக்க வேண்டும். டாய்லெட் கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தாலே குளோரின் வாயு வரும். இதை அவனுக்கு மட்டும் சொல்லாதீர்கள், வீட்டில் பாத்ரூம் கழுவுகிற எல்லோருக்கும் சொல்லுங்கள்.

ஆபீஸ் அண்ணன்களுக்கு ஆறு டிப்ஸ்

உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ தங்கையோ அக்கா பையனோ போனும் கையுமாக இருப்பார்கள். டேட்டா ரீசார்ஜ் செய்வது நீங்கள்தானே? அந்த உரிமையில் இவற்றைச் சொல்லலாம்:

1. ஒரு சோதனைக்கு ஒரு வீடியோ போதும். நாலைந்து நிமிஷத்தில் ஒரே ஒரு வேலையைக் கிட்டத்தில் காட்டுவதாக இருந்தால் உத்தமம். ஒரு மணி நேரப் பிரசங்கம் வேண்டாம்.

2. வீடியோவில் இருப்பவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா, பிப்பெட்டுக்கு ரப்பர் பல்பு வைத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். வாயால் உறிஞ்சினால் அடுத்த வீடியோவுக்குப் போங்கள். நான் அனுபவஸ்தன்!

3. கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றிக் காட்டுகிறவர் வாத்தியாரே இல்லை.

4. ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி, "அடுத்தது என்ன? ஏன்?" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை என்றால் பார்த்தது வீண்.

5. பார்த்து முடித்ததும் போனை மூடிவிட்டு, நோட்டில் தன் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். பள்ளிக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் கையேடும் ஸாரும் சொல்வதே சட்டம்.

6. முந்தின நாள் இரவு பார்ப்பது நல்லது. பரீட்சைக்கு முந்தின இரவு மட்டும் பார்ப்பது, மார்ச் 31 ராத்திரி வருஷக் கணக்கு எழுதுவது மாதிரி. அந்தக் கொடுமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீடியோவில் வாசனை வராது

இவ்வளவு சொன்னாலும், லேபுக்கு வீடியோ மாற்று ஆகாது. அழுகின முட்டை நாற்றத்தோடு வரும் ஹைட்ரஜன் சல்பைடை எந்த ஸ்கிரீனும் மூக்குக்குக் கொண்டுவராது. நைட்ரேட்டைக் கண்டுபிடிக்கும் பழுப்பு வளையத்துக்கு, டெஸ்ட் டியூபைச் சாய்த்து அமிலத்தை ஓரமாக வழியவிட எத்தனை பொறுமை வேண்டும் என்பது விரலுக்குத்தான் தெரியும். "அதான் வீடியோ இருக்கே, எதுக்கு இத்தனை ப்யூரெட்?" என்று ஒரு நிர்வாகம் கேட்க ஆரம்பித்தால், வீடியோ வந்ததன் பலனே போய்விடும். நாலு பேருக்கு ஒரு ப்யூரெட் என்பது யூடியூப் தீர்க்கிற பிரச்னை இல்லை.

மருமகன் ஒரு காரியம் செய்தான். லீவு முடிந்து பள்ளிக்குப் போனதும் ஸாரிடம் போய், "ஸார், நான் இதுவரைக்கும் ப்யூரெட் தொட்டதே இல்ல" என்று சொல்லிவிட்டான். டைட்ரேஷன் செய்வதைவிட அதற்குத்தான் தைரியம் வேண்டும். ஸார் நல்ல மனிதர். அன்று சாயங்காலமே அரை மணி நேரம் அவனைத் தனியாகச் செய்ய விட்டிருக்கிறார். அடுத்த வாரத்திலிருந்து 'ஊற்றுகிறவன், திருப்புகிறவன், குலுக்குகிறவன், எழுதுகிறவன்' நாலு பேரும் முறை மாற வேண்டும் என்று உத்தரவு. லேப் ஆரம்பிக்குமுன் ஸ்மார்ட் போர்டில் மூன்று நிமிஷ வீடியோ. கடைசி வரிசைக்கும் தெரிகிறதாம். 2008-ல் எனக்கு இது வாய்க்கவில்லை!

பிப்ரவரியில் ஒரு மத்தியானம். ஆபீஸில் ஒத்துப்போகாத இரண்டு பேலன்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போன்.

"மாமா! ரெண்டாவது ரீடிங்கும் மூணாவது ரீடிங்கும் ஒண்ணு!"

"பிங்க்?"

"லேசா மாமா. ரொம்ப லேசா. ரோஸ்மில்க் குடிச்ச டம்ளரைக் கழுவினா வருமே, அவ்வளவுதான். ஒரே ஒரு சொட்டுல வந்துச்சு!"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பதினேழு பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் என் குடுவையில் வராமல் போன நிறம் அது.

"அப்ப பி.காம்?"

"இன்னும் முடிவு பண்ணல மாமா. சேந்தாலும் சேருவேன். ஆனா பயந்துகிட்டு சேர மாட்டேன்."

போதும்டா மாப்ளே. எந்த கோர்ஸாக இருந்தால் என்ன!

அன்று சாயங்காலம் பையன் வீட்டுக்கு வந்தபோது அப்பத்தா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாராம். திருஷ்டி கழிக்கக் குனிந்து நின்ற மருமகன், தட்டையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னானாம்:

"அப்பத்தா... சுண்ணாம்பு ஜாஸ்தி. இதை மஞ்சளாக்க இன்னும் 109 சொட்டு வேணும்!"